ஊட்டியில் குளிர்நீர் வலிச் சோதனை: கை சூடு நிலைக்கவில்லை, யோசனை சொல்லுங்கள்

வணக்கம். வலிநிவாரணி ஆய்வுக்காக, நெறிமுறைக் குழு அனுமதியோடு தன்னார்வலர்களிடம் குளிர்நீர்ச் சோதனை நடக்கிறது. தண்ணீர் 2 டிகிரி, மணிக்கட்டு வரை கை. வலி தொடங்கும் நொடியையும் கையை எடுக்கும் நொடியையும் குறிக்கிறோம். 3 நிமிடத்தில் நிறுத்தம். ரேனாட் கோளாறு (குளிரில் விரல் ரத்தக்குழாய்கள் மிகையாகச் சுருங்குவது), இதயநோய், ரத்தக்கொதிப்பு உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை.

தண்ணீரைச் சுழற்ற வைத்த மீன்தொட்டி மோட்டார் அடிக்கடி நின்றுவிடுகிறது. நின்றால் கையைச் சுற்றி வெதுவெதுப்பான நீர்ப்படலம் சேர்ந்து, மருந்தே இல்லாத போலி மாத்திரைக்கும் தாங்கும் நேரம் நீள்கிறது. ஐஸை வலைக்குப் பின்னால் வைத்தாயிற்று. ஐஸ்கட்டி விரலில் பட்டால் கணக்கே வேறு.

பெரிய தலைவலி, காலையில் நடந்து வருபவர்களின் கைதான். விறைத்தே வருகிறது. சோதனைக்கு முன் 35 டிகிரி நீரில் 2 நிமிடம் வைத்தும் விரல்நுனி தேறுவதில்லை. 5 நிமிடமாக்கலாமா, அரை மணி நேரம் ஹீட்டர் அறையில் உட்காரவைப்பதா? எதுவானாலும் எல்லா அமர்விலும் ஒரே மாதிரி இருக்கவேண்டும்.

இந்தச் சோதனையில் மார்ஃபின் வகை வலிநிவாரணியின் பலன் தெரியும். ஐபுப்ரோஃபெனின் பலன் பெரும்பாலும் தெரியாமல் நழுவும். அதற்குப் புறஊதா பி கதிரால் தோலைச் சிவக்கவைக்கும் முறையே மேல். அதைக் கையாண்டவர்கள், குன்னூர், கோத்தகிரி பக்கம் சுழல்நீர்த் தொட்டி இரவல் தரக்கூடியவர்கள் இங்கேயே பதில் போடுங்கள்.