ஒரு சிற்றினத்தை இரண்டாகப் பிரிப்பது பாலூட்டிகளின் பாதுகாப்புக்கு உதவுகிறதா?

கேள்வி: விலங்கியல் மாணவி

வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்காகப் பாலூட்டிகளின் வகைப்பாட்டைப் படித்து வருகிறேன். 2005இல் வெளியான உலகப் பட்டியலில் 5,416 சிற்றினங்கள் இருந்தன. 2018இல் வெளிவந்த தொகுப்பில் அந்த எண்ணிக்கை 6,495 ஆகிவிட்டது. இவ்வளவு புதிய விலங்குகளும் காடுகளில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டவை அல்ல. ஒன்றாகக் கருதப்பட்டவற்றைப் பிரித்ததால் கிடைத்தவையே மிகுதி. பசு, மான் முதலிய குளம்பு விலங்குகளைப் பற்றி 2011இல் வெளியான ஒரு நூல், மாட்டுக் குடும்பத்தின் சிற்றினங்களை மட்டும் 143இலிருந்து 279 ஆக உயர்த்தியது. இப்படிப் பிரிப்பது அழிவின் விளிம்பிலுள்ள விலங்குகளைக் காப்பாற்றத் துணைபுரிகிறதா, அல்லது ஏற்கெனவே போதாத பணத்தையும் உழைப்பையும் மேலும் சிதறடிக்கிறதா?

பதில்: மரபணு ஆய்வாளர்

எல்லாப் பிரிப்புகளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. சான்று வலுவாக இருந்தால் பிரிப்பு எவ்வளவு பயன்தரும் என்பதற்கு ஆப்பிரிக்க யானையைச் சொல்வேன். காட்டு யானையின் காதுகள் வட்டமானவை, தந்தங்கள் நேராகக் கீழ்நோக்கி இருப்பவை; புல்வெளி யானை உருவத்தில் பெரியது. 2001இல் மரபணுச் சான்றுகள் இரண்டும் வெவ்வேறு என்று காட்டின. அந்தப் பிளவு ஆசிய யானைக்கும் அழிந்துபோன மாமூத்துக்கும் இடையிலான பிளவுக்கு ஏறக்குறைய நிகரான பழமையுடையது என்று 2010இல் தெரியவந்தது. அதன் பின்னரும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், அழிவு ஆபத்தை மதிப்பிடும் தன் சிவப்புப் பட்டியலில் இரண்டையும் ஒன்றாகவே வைத்திருந்தது. 2021இல் தனித்தனியே மதிப்பிட்டபோதுதான், காட்டு யானைகளின் எண்ணிக்கை 31 ஆண்டுகளில் 86 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்திருப்பது பட்டியலின் தரவரிசையிலேயே வெளிப்பட்டது. அதுவரை 'அழிவாய்ப்பு' என்ற ஒற்றை நிலையில் இருந்த விலங்கு, காட்டு யானையைப் பொறுத்தவரை 'மிக அருகியது' என்றும் புல்வெளி யானையைப் பொறுத்தவரை 'அருகியது' என்றும் மாறியது. ஒரே பெயரின் கீழ் இருந்தவரை, தெற்கில் நலமாக இருந்த புல்வெளி யானைக் கூட்டங்கள் காட்டு யானையின் சரிவை மறைத்துவிட்டன. இருபது ஆண்டுத் தாமதம் எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

பதில்: வனவிலங்கு மேலாண்மைப் பணியில் இருப்பவர்

யானையைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பெயரை அளவுக்கு மீறி மதித்தால் நேரும் தீங்கையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வாழும் பூமா என்ற பூனைக் குடும்ப விலங்கு நெடுங்காலம் தனித் துணைச்சிற்றினமாக, அதாவது சிற்றினத்துக்குள் ஓர் உட்பிரிவாக, கருதப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் எஞ்சியிருந்தவை ஏறத்தாழ இருபது முதல் முப்பது வரைதான். நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்ததால் மடங்கிய வால், இறங்காத விந்தகம், இதயக் குறைபாடு எனப் பல கோளாறுகள் தென்பட்டன. 'தூய்மை' கெட்டுவிடும் என்ற தயக்கத்தைத் தாண்டி, 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்கள் கொண்டுவந்து விடப்பட்டன. அவற்றில் ஐந்து குட்டி ஈன்றன; கோளாறுகள் குறைந்தன; அடுத்த பதினைந்து ஆண்டுகளில் எண்ணிக்கை மும்மடங்கானது. இப்போது வட அமெரிக்கப் பூமாக்கள் அனைத்தையும் ஒரே துணைச்சிற்றினமாகவே வகைப்படுத்தும் கருத்து வலுப்பெற்றிருக்கிறது. அந்தப் பழைய பெயரை மீறக் கூடாத வேலியாகவே கருதியிருந்தால், அந்த விலங்கு இன்று அங்கே இருந்திருக்குமா என்பது ஐயமே.

சிறு கூட்டங்களைத் தனிச் சிற்றினங்களாக அறிவிக்கும் ஒவ்வொரு கட்டுரையையும் படிக்கும்போது இந்தக் கவலைதான் என் மனத்தில் முதலில் எழுகிறது.

பதில்: பரிணாம மர ஆர்வலர்

இருவரும் எண்ணிக்கையைப் பற்றிப் பேசினீர்கள். பரிணாம மரத்தில் ஒரு விலங்கு தன் உறவுகளிலிருந்து பிரிந்து எவ்வளவு காலமாயிற்று என்பதைக் காட்டும் கிளையின் நீளத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தார் எனப்படும் மூன்று மலை விலங்குகள், அதாவது இமயமலைத் தார், அரேபியத் தார், நம் வரையாடு ஆகியவை, உருவ ஒற்றுமையால் ஒரே பேரினத்தில், அதாவது நெருங்கிய சிற்றினங்களின் ஒரே தொகுதியில், வைக்கப்பட்டிருந்தன. 2005இல் மரபணு ஆய்வு அவற்றை மூன்று பேரினங்களாக்கியது. வரையாட்டின் நெருங்கிய உறவு செம்மறியாட்டுப் பேரினம் என்று தெரிந்தது. இன்று அதன் பேரினத்தில் வாழும் ஒரே சிற்றினம் அதுதான். புதிய விலங்கு எதுவும் இங்கே தோன்றவில்லை, ஆயினும் அது அழிந்தால் இழக்கப்போவது என்ன என்பது தெளிவாயிற்று.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு முரண் உண்டு. லண்டன் விலங்கியல் கழகம் 2007இல் தொடங்கிய திட்டம், பரிணாமத் தனித்தன்மையையும் அழிவு ஆபத்தையும் சேர்த்து விலங்குகளை வரிசைப்படுத்துகிறது. ஒரு சிற்றினத்தை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றின் வாழிடமும் சுருங்கி, ஆபத்து மதிப்பு பெரும்பாலும் உயர்கிறது. அதே வேளையில், மிக நெருங்கிய உறவு ஒன்று புதிதாக முளைப்பதால் தனித்தன்மை மதிப்பு குறைகிறது. ஒரே செயல் இரு அளவுகோல்களை எதிரெதிர்த் திசைகளில் நகர்த்துகிறது. மிக நீண்ட கிளைகளில் இருப்பவை முட்டையிடும் பாலூட்டிகள். அவற்றுள் அட்டன்பரோ நீள்மூக்கு எக்கிட்னாவுக்கு 1961இல் சேகரிக்கப்பட்ட ஒரே மாதிரிதான் அருங்காட்சியகத்தில் உள்ளது. 2023இல் நியூ கினியாவின் சைக்ளோப்ஸ் மலைகளில் தானியங்கிக் கேமரா அதை முதன்முறையாகப் படம்பிடித்த செய்தியைப் படித்த அன்று நான் அடைந்த மகிழ்ச்சி சொல்லில் அடங்காது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஒன்று மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. இரு ஆப்பிரிக்க யானைகளும் சில இடங்களில் கலந்து இனப்பெருக்கம் செய்கின்றன என்று படித்தேன். அந்தக் கலப்பினங்கள் எந்தப் பட்டியலில் சேரும்?

பதில்: மரபணு ஆய்வாளர்

அந்த ஐயமே பிரிப்பை நெடுங்காலம் தள்ளிப்போட்டது. கலப்பின யானைகள் பாதுகாப்பின்றி விடப்படும் என்று வல்லுநர்கள் அஞ்சினார்கள். கலப்பு நிகழ்வது காடும் புல்வெளியும் சந்திக்கும் குறுகிய பகுதிகளில் மட்டுமே என்பதும், ஒரு கூட்டத்தின் இருப்பிடத்தைக் கொண்டே அதன் பாதுகாப்பை வரையறுக்கலாம் என்பதும் பின்னர்த் தெளிவாயின. உங்கள் ஆய்வேட்டுக்கு இன்னொன்றும் பயன்படும். புல்வெளி யானைகள் பலவற்றில் காட்டு யானையின் மைட்டோகாண்டிரிய மரபணு (உயிரணுவின் உட்கருவுக்கு வெளியே உள்ள மரபணு) இருக்கிறது. அது தாய்வழியே மட்டும் இறங்குவது. கலப்பினப் பெண்கள் தலைமுறைதோறும் பெரிய புல்வெளி ஆண்களோடு சேர்ந்ததால், உட்கரு மரபணு முழுதும் புல்வெளிக்குரியதாக மாறிய பின்னும் அது மட்டும் எஞ்சியது. ஆகவே ஏதேனும் ஒரு பிரிப்பை முன்மொழியும் கட்டுரையைப் படிக்கும்போது, அது மைட்டோகாண்டிரியத்தை மட்டும் நம்பியதா, உட்கரு மரபணுவையும் ஆராய்ந்ததா, இரு கூட்டங்களும் சந்திக்கும் எல்லைப் பகுதியிலிருந்து மாதிரிகள் எடுத்ததா என்று முதலில் பாருங்கள்.