மறு: கிட்பேஷ்-க்குத் தமிழ்ல என்ன? (ஒட்டுரு / யாளியாக்கம் / கதம்பம்)

எல்லாருக்கும் வணக்கம்ங்க,

நாலு நாளா வந்த மடல் எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் இருந்தேன், பேட்டர்ன் பட்டறையில (வார்ப்பு அச்சுக்கு மாதிரி உரு செய்யற இடம்) வேலை குவிஞ்சு கிடந்ததால பதில் போட முடியல. இது கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

புதுசா சேர்ந்தவங்களுக்காக ஒரு தடவை சொல்லிடறேன். கோயமுத்தூர்ல நாங்க ஒரு பதினெட்டு பேர் மேசைப் போர் விளையாட்டு ஆடறவங்க. 28 மில்லிமீட்டர் அளவு மினி பொம்மைகள நாமளே ஒட்டி, பெயிண்ட் அடிச்சு, ஆறடிக்கு நாலடி மேசையில படையா நிறுத்தி, டேப் வச்சு அளந்து நகர்த்தி, பகடை உருட்டி ஆடறது. வர்ற மாசம் எங்களுக்குள்ள ஒரு போட்டி, ஒரே நாள்ல மூணு சுத்து. மூணு பரிசு: ஆட்டத்துல ஜெயிச்சவங்களுக்கு ஒண்ணு, பெயிண்டிங்க்கு ஒண்ணு, நல்ல கிட்பேஷ்க்கு ஒண்ணு. கடையில தொங்கற தங்கக்கலர் பிளாஸ்டிக் கப் வேண்டாம், கையால செஞ்சு தருவோம்னு முடிவாச்சு, செய்யற பொறுப்பு எங்கிட்ட வந்துச்சு. அடியில பித்தளைத் தகடு, அதுல தமிழ்லதான் எழுத்து. ரெண்டு தகடுக்கு வாசகம் தயார். மூணாவதுல "சிறந்த" வரைக்கும் எழுதிட்டு, கிட்பேஷ்க்குத் தமிழ்ச் சொல் முடிவாகாம நிக்கறேன்.

கிட்பேஷ்னா என்னன்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. ரெண்டு மூணு வேற வேற செட்டுல வர்ற பாகங்கள எடுத்து, அந்த செட்டு எதுலயுமே இல்லாத ஒரு புது உருவத்தக் கட்டறது. குதிரை வீரன் செட்டுல இருந்து உடம்பு, பீரங்கிக்காரன் செட்டுல இருந்து கை, வேற கம்பெனி பெட்டியில இருந்து தலை, இப்படி. அமெரிக்காவுல மாடல் ரயில் கட்டறவங்க ரொம்ப நாளா புழங்கற வார்த்தை, அப்புறம் சினிமாவுக்கு விண்வெளிக் கப்பல் மாடல் செஞ்சவங்களும் டேங்க், விமான செட்டுகளோட பாகத்த அள்ளி ஒட்டித்தான் செஞ்சாங்க. இனி மடல்ல நீங்க எழுதின யோசனைகள ஒவ்வொண்ணா எடுத்துக்கறேன்.

> கிட் = தொகுதி, பேஷ் = உடைப்பு. தொகுதியுடைப்பு சரியா வரும்.

இது வேண்டாம்ங்க. அந்த வேலையில யாரும் எதையும் உடைக்கறதில்ல. நம்ம பட்டறையில "தட்டிக் கொட்டிச் சேர்த்துட்டேன்"னு சொல்வோமே, அந்தத் தட்டறதுதான் அந்த பேஷ். தொகுதியுடைப்புன்னு தகடுல பொறிச்சா, வாங்கறவரு எதையோ போட்டு உடைச்சதுக்குப் பரிசுன்னு வீட்ல நினைச்சுக்குவாங்க. மூலமொழியில எந்த ரெண்டு துண்டு இருக்குன்னு பாக்காம, கை என்ன செய்யுதுன்னு பாத்து பேர் வைக்கறதுதான் எனக்குப் படுது.

> யாளியாக்கம். சிங்க உடம்பு, யானைத் தும்பிக்கை. நம்ம ஊர் கிட்பேஷ் அதுதானே?

இதப் படிச்சதும் ரெண்டு நாள் இதுதான்னே இருந்தேன், உண்மையாவே அவ்வளவு பிடிச்சுது. ஆனா மதுரை புதுமண்டபத்துலயோ வேற எங்கயோ ஒரு யாளித் தூண் முன்னாடி நின்னு பாருங்க, தும்பிக்கை ஒட்டினது இல்ல, கால் சொருகினது இல்ல, சில யாளி வாய்க்குள்ள உருள்ற கல் உருண்டை கூட அதே கல்லுல குடைஞ்சு விட்டது. ஒரே கல். அங்க கலப்பு சிற்பியோட மனசுல நடந்துச்சு, கையில நடந்தது செதுக்கல். கிட்பேஷ் இதுக்கு நேர் எதிர், மனசுல என்ன இருந்தாலும் கையில நடக்கறது சேர்ப்புதான். அது போக, ஒருத்தர் ரெண்டு டேங்க்க சேர்த்து ஒரு டேங்க் செஞ்சா அத யாளின்னு எப்படிச் சொல்றது.

கதம்பம் சொன்னவங்களுக்கும் இதே மாதிரிதான். கதம்பத்துல மல்லி மல்லியாவே இருக்கு, மரிக்கொழுந்து மரிக்கொழுந்தாவே இருக்கு, ஒரே நாருல பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கு அவ்வளவுதான். ஆனா அந்த வார்த்தைய விட வேண்டாம்ங்க, மிச்ச பாகமெல்லாம் போட்டு வைக்கற பிட்ஸ் பாக்ஸ்க்கு கதம்பப் பெட்டின்னு வச்சுக்கலாம், அதுக்கு அச்சா பொருந்துது.

இப்ப ஒட்டுரு. இத முதல்ல எழுதினவரு காரணம் எதுவும் சொல்லாம ஒத்த வரியில விட்டுட்டாரு, அதனாலதான் "ஒட்டறதுன்னா சும்மா ஸ்டிக்கர் ஒட்டற மாதிரி இருக்கு"ன்னு மூணு பேர் தள்ளிட்டீங்க. எனக்குத் தோணின காரணத்த நான் சொல்றேன்.

ஒட்டுங்கறத பசையில இருந்து எடுக்காதீங்க, ஒட்டு மாங்கன்னுல இருந்து எடுங்க. எங்க அப்பா தோட்டத்துல ஒட்டுக்கட்டறதப் பாத்து வளர்ந்தவன் நான். வேர்ச்செடிய ஒரு சீவு சீவி, வேற மரத்துல இருந்து கொண்டு வந்த ஒட்டுக்குச்சிய அதே அளவு சீவி, தோலும் தோலும் நேருக்கு நேரா வர்ற மாதிரி வச்சு, பிளாஸ்டிக் நாடாவ இறுக்கிச் சுத்தணும். பட்டைக்குக் கீழ இருக்கற பச்சை அடுக்கு ரெண்டு பக்கமும் தொட்டாத்தான் பிடிக்கும், அது விலகிப் போச்சுன்னா குச்சி காஞ்சு போயிடும். பிடிச்சதுக்கு அப்புறம் அது ரெண்டு செடி இல்ல, ஒரே மரம்.

பாலிஸ்டைரீன்ங்கற பிளாஸ்டிக்ல செஞ்ச மினியில நடக்கறதும் கிட்டத்தட்ட இதேதாங்க. பிளாஸ்டிக் சிமெண்ட்னு ஒரு திரவம் விக்கறாங்க இல்ல, அது பசையே இல்ல, கரைப்பான். ரெண்டு பக்கத்துலயும் பிளாஸ்டிக்க கொஞ்சம் கரைச்சு கூழாக்கும், அழுத்திப் பிடிச்சா ரெண்டு கூழும் கலந்துக்கும், கரைப்பான் ஆவியாப் போனதும் ஒரே துண்டா இறுகிடும். அப்புறம் பிரிக்கணும்னா ரம்பம்தான். சூப்பர் க்ளூ அப்படியில்ல, அது நடுவுல ஒரு தனி அடுக்கா நிக்குது, பக்கவாட்டுல ஒரு இடி பட்டாப் போதும் டப்புன்னு விட்டுடும். ரெசின் பாகத்துக்கும் ஈயக்கலப்பு பாகத்துக்கும் வேற வழியில்லாம அதத்தான் போடறோம், அதனாலதான் 1 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு உள்ள கம்பி சொருகறோம், அதத்தான் பின் வைக்கறதுன்னு சொல்றது.

இன்னொண்ணு, ஒட்டுன்னு எடுத்தா குடும்பமே கூட வருது. வினைச்சொல் ஒட்டுக்கட்டறது, விவசாயி வாயில ஏற்கனவே இருக்கற சொல். அடிப்படையா எடுக்கற செட்டு வேருரு. சேர்க்கற பாகம் ஒட்டுத்துண்டு. யாளியாக்கத்துல இருந்து இதெல்லாம் பிறக்காது. உருவும் நமக்குப் பழகினதுதான், எழுத்துரு, கருத்துருன்னு தினமும் எழுதறோம். ஒரே ஒரு செட்டுல கைய வளைச்சு, இடைவெளி நிரப்பற புட்டி மாவு வச்சு மாத்தறத மாற்றுருன்னு தனியா வச்சுக்கலாம், அது கன்வர்ஷன். ரெண்டையும் குழப்பினா நடுவருக்குத்தான் தலைவலி.

ஒட்டுண்ணி ஞாபகம் வருதுன்னு ஒரு மடல் இருந்துச்சு. நியாயமான கவலைதான், ஆனா ஒட்டு மாம்பழம் சாப்பிடும்போது யாருக்கும் ஒட்டுண்ணி ஞாபகம் வர்றதில்லையே. தமிழையே ஒட்டுநிலை மொழின்னுதான் மொழியியல்ல சொல்றாங்க, அதுல நமக்குக் குறைச்சல் ஒண்ணும் இல்ல.

சரி, கோப்பை வேலை எதுவரைக்கும் வந்துச்சுன்னு கேட்டவங்களுக்கு. டிராஃபிங்கற வார்த்தை எங்க இருந்து வந்துச்சுன்னு தேடினதுலதான் டிசைனே கிடைச்சுது. பழைய கிரேக்கத்துல எதிரிப்படை எந்த இடத்துல திரும்பி ஓட ஆரம்பிச்சுதோ அந்த இடத்துல ஒரு மரக்கட்டைய நட்டு, தோத்தவங்களோட தலைக்கவசம், மார்க்கவசம், கேடயம், ஈட்டி எல்லாத்தையும் அதுல மாட்டி வைப்பாங்க, அதுக்குப் பேர் திரோபையோன், திரும்பறதுங்கற சொல்லுல இருந்து வந்தது. பல பேரோட பாகத்த ஒரே கட்டையில சேர்த்த உருவம். முதல் டிராஃபியே ஒட்டுருதாங்க. நம்ம பள்ளிக்கூடத்துல கேடயம்னு ஒரு பரிசு குடுக்கறோமே, அதுவும் போர்க்களத்து சாமான்தானே.

அதனால எங்களோடதும் கட்டைதான். பதினெட்டு பேர் கதம்பப் பெட்டியில இருந்தும் ஆளுக்கு மூணு பாகம் வாங்கியிருக்கேன், ஒரு கோப்பைக்கு ஒண்ணு, ஹெல்மெட்டோ கேடயமோ உடைஞ்ச வாளோ எதுவானாலும் சரி. கட்டை வாகை மரம். தும்பைப் பூ சூடிப் போருக்குப் போயி ஜெயிச்சா வாகை சூடற மொழியில, வேற மரம் தேட மனசு வரல. மர அறுவை மில்லுல முதல்ல வட்டத் துண்டா அறுத்து வாங்கிட்டு வந்தேன், ஒரு வாரத்துல நடுவுல இருந்து ஓரம் வரைக்கும் விரிசல் விட்டுடுச்சு. பச்சை மரம் காயும்போது வளையத்தோட போக்குல சுருங்கறது, நடுவுல இருந்து ஓரத்துக்குச் சுருங்கறத விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அது தெரிஞ்சும் அவசரப்பட்டுட்டேன். இப்ப நல்லாக் காஞ்ச பழைய மரத்துல நெடுக்குவாட்டா 15 சென்டிமீட்டர் துண்டா மூணு அறுத்து வச்சிருக்கேன். மரத்துல பிளாஸ்டிக் சிமெண்ட் பிடிக்காதுங்கறதால பாகம் ஒவ்வொண்ணுக்கும் கம்பிப் பின், இடைவெளிக்கு எம்-சீல்.

ஒண்ணு செஞ்சு சிலிக்கான் அச்சு எடுத்து மூணா வார்த்துட்டா வேலை மிச்சமாகுமேன்னு ஒருத்தர் நல்ல மனசோட எழுதியிருந்தீங்க. செய்ய மாட்டேன்ங்க. அந்தப் பாகமெல்லாம் வேற ஒரு சிற்பியோட உழைப்பு, காசு குடுத்து வாங்கின பாகத்த ஒட்டறது நம்ம உரிமை, அத அச்செடுத்துப் பெருக்கறது இல்ல. இதுக்காகவே ரெண்டு சொல்லையும் தெளிவாப் பிரிச்சு வைக்கணும்னு நினைக்கறேன்: அச்சுல ஊத்தினது வார்ப்பு, எத்தனை வேணாலும் வரும். ஒட்டுரு ஒண்ணே ஒண்ணுதான்.

தகடு பொறிக்கற கடைக்கு வெள்ளிக்கிழமை சாயந்திரம் குடுக்கணும். எழுத்து இப்படி வச்சிருக்கேன்:

முதல் வாகை
சிறந்த வண்ணப்பூச்சு
சிறந்த ஒட்டுரு

சந்தி சரியான்னு இலக்கணம் தெரிஞ்சவங்க ஒரு தடவை பாத்துடுங்க. ஒட்டு + உரு, உகரம் போயி ஒட்டுருன்னுதான் நான் புரிஞ்சுக்கிட்டேன். ஒட்டுவுருன்னு யாராச்சும் அடிச்சுச் சொல்றதா இருந்தா வியாழக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க, பித்தளையில பொறிச்சதுக்கப்புறம் அழிக்க முடியாது.