ரெஃபரன்ஸ் ஸ்ட்ரெய்ன், பாஸேஜ்: தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

ஆய்வகக் கையேடுகளில் ஒரு நுண்ணுயிர் இனத்துக்குள் ஒரு தனி வழியைக் குறிக்கும் 'ஸ்ட்ரெய்ன்' வரும் இடமெல்லாம் 'திரிபு' என்று எழுதுகிறார்கள். இதைக் கைவிட வேண்டும். இயற்பியலில் தகைவோடு (ஸ்ட்ரெஸ்) சேர்ந்து வரும் திரிபு ஏற்கெனவே இருக்கிறது. கொரோனா காலத்தில் 'வேரியன்ட்'டுக்கும் அதே சொல் பழகிவிட்டது. மாறாமல் காக்க வேண்டியதைத் திரிபு என்றால் பொருளே கவிழ்ந்துவிடும்.

ஒரே மூலத்திலிருந்து வழிவழியாக வருவது என்ற பொருளில் 'கால்வழி' என்பதை முன்வைக்கிறேன். சோதனைகளைச் சரிபார்க்க மாறாமல் காத்து வைக்கும் ரெஃபரன்ஸ் ஸ்ட்ரெய்ன் 'ஒப்பீட்டுக் கால்வழி'. டைப் ஸ்ட்ரெய்ன் வேறு, அது ஓர் இனத்தின் பெயருக்கு ஆதாரமாக நிற்பது. ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவில் ஏடிசிசி (அமெரிக்க நுண்ணுயிர்ச் சேமிப்பகம்) எண் 11775 அத்தகையது. மருந்துணர்திறன் சோதனையின் தரக்கட்டுப்பாட்டுக்கு எடுப்பதோ ஏடிசிசி 25922. முன்னதைப் 'பெயராதாரக் கால்வழி' எனலாம்.

வளர்ந்த கிருமியைப் புது ஊடகத்துக்கு மாற்றி வளர்க்கும் 'பாஸேஜ்' என்பதற்குத் 'தலைமுறை' பொருந்துமா?

-----

> 'பாஸேஜ்' என்பதற்குத் 'தலைமுறை' பொருந்துமா?

ஐயா, கால்வழி மிகப் பொருத்தம். தலைமுறை மட்டும் வேண்டாம். ஒரு செல் தட்டில் வளர்ந்து ஒரு கோடி செல் கொண்ட கூட்டமாவதற்குள் ஏறக்குறைய 23 முறை பிளந்திருக்கும். அத்தனையும் ஒரே பாஸேஜ். நாற்றைப் பெயர்த்து நடுவதுபோல், வளர்ந்ததை எடுத்துப் புது ஊடகத்தில் வைத்து மீண்டும் வளர்ப்பதுதான் இது. 'பெயர்வளர்ப்பு', எண்ணிக்கைக்குப் 'பெயர்வெண்' என்று வைக்கலாம்.

எண்ணும் முறையையும் வரையறையில் சேர்க்க வேண்டும், பிழை அங்கேதான் வருகிறது. உறையவைப்பது பெயர்வளர்ப்பு ஆகாது, அப்போது வளர்ச்சி இல்லை. உறைந்ததைத் தட்டில் தேய்த்து வளர்த்தால் ஆகும். உறைஉலர்த்திய ஆம்பூலிலிருந்து முதல் தட்டு 1. அதை 15–20% கிளிசரால் கலந்த திரவ ஊடகத்தில் கரைத்து, சிறு குப்பிகளில் பிரித்து −80 டிகிரியில் வைத்தால் அது மூல இருப்பு. அதிலிருந்து வரும் தட்டு 2, அந்த வாரச் சாய்வுக்குழாய் (ஊடகம் சாய்வாக உறைந்த குழாய்) 3, அதிலிருந்து அன்றாடத் தட்டு 4. சாய்விலிருந்து சாய்வுக்கு மாற்றிக்கொண்டே போனால் மூன்றாம் வாரத்துச் சாய்வு 5, அன்றாடத் தட்டு 6. அமெரிக்கப் பார்மகோபியா என்ற மருந்துத் தரநூல் சொல்லும் உச்சவரம்பு 5.

-----

அம்மா சொன்ன பெயர்வெண்ணை ஏற்கிறேன். 'மறுவளர்ப்பு' என்பவர்களுக்கு ஒரு பதில்: வெறும் மறுபடி அல்ல, ஒவ்வொரு பெயர்ப்பிலும் ஒரு சிறு பகுதியைத்தான் எடுத்துச் செல்கிறோம். எது தப்பிப் போகிறது என்பதே கேள்வி. கால்மெட்டும் கெராங்கும் 1908 முதல் 1921 வரை 230 முறை பெயர்வளர்த்துத்தான் மாட்டுக் காசநோய்க் கிருமியை பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி ஆக்கினார்கள். தடுப்பூசிக்கு உதவிய அதே மாற்றம் ஒப்பீட்டுக் கால்வழிக்குக் கேடு.

ஈ. கோலையின் இன்னொரு ஒப்பீட்டுக் கால்வழியான ஏடிசிசி 35218-ஐப் பாருங்கள். ஆம்பிசிலினோடு கிளாவுலனேட் சேர்ந்த கூட்டு மருந்து வட்டுகளைச் சரிபார்க்க உதவுவது அது. ஆம்பிசிலினைச் சிதைக்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதிக்கான மரபணு அதன் பிளாஸ்மிடில் (குரோமோசோமுக்கு வெளியே உள்ள சிறு டி.என்.ஏ. வளையம்) இருக்கிறது; அந்த நொதியைத் தடுப்பது கிளாவுலனேட். பெயர்வெண் ஏறினாலோ −60 டிகிரிக்கு மேல் சேமித்தாலோ பிளாஸ்மிட் நழுவிவிடும். பிறகு ஆம்பிசிலின் தனியாகவே அதைக் கொன்றுவிடும், கிளாவுலனேட் கெட்டுப்போன வட்டுகூடச் சோதனையில் தேறிவிடும். தவறான வட்டோடு நோயாளியின் மாதிரிகள் நாள் கணக்கில் ஓடும். ஆகவே கூட்டு மருந்தோடு ஆம்பிசிலினையும் தனியே வைத்துப் பார்க்க வேண்டும், ஆம்பிசிலினுக்குக் கிருமி எதிர்ப்பைக் காட்டினால்தான் கால்வழி சரி.

தானே பனி நீக்கும் ஃப்ரீசரும் கூடாது. அவ்வப்போது சூடேறி இறங்குவதால் பனிப்படிகம் வளர்ந்து செல்களைக் கிழிக்கும். குப்பியை முழுதாக உருகவிடாமல், வெளியே எடுத்ததும் மேற்பரப்பைச் சுரண்டிக்கொண்டு உடனே திருப்பி வைக்க வேண்டும்.

ஒட்டுச்சீட்டுக்கு இந்த வடிவம் போதும்: கால்வழி எண், பெயர்வெண், உறையவைத்த நாள், கையொப்பம். 'பெயராதாரம்' சற்று நீளம். 'பெயர்க்கால்வழி' என்று சுருக்கினால் பெயர்வளர்ப்போடு குழம்பும் என்பதால் நீண்டதே இருக்கட்டும். மாற்றுச் சொல் இருந்தால் எழுதுங்கள்.