லானோ ஆத்துல பாஸ் மீன் ஃப்ளையை (இறகு, நூலால் கட்டின போலி இரை) கண்டாலே ஓடுது, உதவுங்க

டெக்சாஸ், லானோ ஆறு, ஜங்ஷன் ஊருக்குக் கீழ்ப்பக்கம். ஜூன் கடைசியிலிருந்து சரியான மழை இல்லை. ஓட்டம் நூல் மாதிரி மெலிஞ்சிருச்சு, மதியம் தண்ணீர் 31 டிகிரி. சுண்ணாம்புப் பாறை விளிம்பு நிழலில் குவாடலூப் பாஸ் நிக்கிறது நல்லாவே தெரியுது. ஆனா லைனோட நிழல் பட்டாலே மொத்தமும் கலைஞ்சிருது.

5 வெயிட் தூண்டில் ராட், மிதக்கும் லைன், அதன் நுனியில் 9 அடி லீடர் (மெல்லிய நரம்பு). 8ஆம் நம்பர் கொக்கியில் வூலி பகர் (தண்ணீருக்குள்ள போற ஃப்ளை), பாப்பர் (மேலே மிதக்குற ஃப்ளை) ரெண்டும் போட்டாச்சு. லீடரை 12 அடியாக்கி 4எக்ஸ் டிப்பெட்டும் (லீடர் நுனியில் கட்டுற மெல்லிய நரம்பு) கட்டிப் பார்த்தேன். சின்ன சன்ஃபிஷ்தான் கடிக்குது. சூட்டில் ஆக்சிஜன் குறையும், பிடிச்சு விட்ட மீனும் செத்துப்போகலாம். அதனால விடிகாலையில் மட்டும்தான் வீசுறேன்.

இவ்வளவு தெளிஞ்ச, முழங்கால் ஆழத் தண்ணீரில் இந்த பாஸுக்கு எந்த ஃப்ளை, எந்த சைஸ் எடுபடும்?