லாவெண்டர் வளர்த்தவர்கள், பயன்படுத்தியவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

கிளைக்கணு:
அக்கா வீட்டு லாவெண்டர் வாடித் தொங்குகிறது என்று போனில் ஒரே புலம்பல். தினமும் தண்ணீர் விட்டும் நிமிரவில்லையாம். போய்த் தொட்டி மண்ணில் விரலை விட்டால் சொதசொதவென்று இருக்கிறது, மேலே செடி தண்ணீரே காணாததுபோல் துவண்டு கிடக்கிறது. இந்தச் செடியின் வம்பே இதுதான். வேர் அழுகினால் நீரை உறிஞ்ச முடியாது, இலை வாடும். தாகம் என்று நினைத்து நாம் இன்னும் ஊற்றுவோம். பிடுங்கிப் பார்த்தபோது வேர் பழுப்பேறி, இழுத்தால் தோல் தனியே உரிந்து வந்தது. அந்தச் செடி போனது போனதுதான். நுனியில் வாடாமல், பூ விடாமல் இருந்த கிளைகளை வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, பாதிக்குப் பாதி பெருமணல் கலந்த மண்ணில் நட்டுக் கொடுத்தேன். வேர் பிடித்துவிட்டது. மண் விரல் ஆழத்துக்குக் காய்ந்தால்தான் இப்போது தண்ணீர்.

சரளைமண்:
நூத்துக்கு நூறு உண்மை. மத்தியதரைக் கடல் பக்கத்துல வறண்ட பாறைச் சரிவுல வளர்ற செடிங்க இது, செழிப்பான மண்ணுல வச்சா அதுக்குப் பிடிக்காது. எங்க தோட்டத்துல ஒரு செடி மக்கு உரம் நிறையப் போட்ட பாத்தியில, இன்னொண்ணு நடைபாதை ஓரச் சரளையில. பாத்திச் செடி இலையா தழைச்சு, நடுவுல பிளந்து நாலாபக்கமும் சாஞ்சுது, பூ கொஞ்சம்தான். சரளையில இருந்தது குட்டையா, கெட்டியா, கதிர் கதிரா பூத்துச்சு. தழைச்சத்து கூடினா இப்படித்தான் ஆகும். மண்ணோட பிஹெச், அதாவது அமில-காரத் தன்மையோட அளவு, 6.5-லேர்ந்து 7.5 வரை இருக்கட்டும், வெயில் குறைஞ்சது 6 மணி நேரம். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) மட்டும் வச்சு நடாதீங்க, ஈரத்தை விடவே விடாது.

உலர்பூ:
நான் வளர்ப்பதே உலர்த்துவதற்காகத்தான். பூ முழுக்க விரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கதிரில் அடிப்பக்க மொட்டுகள் கொஞ்சம் திறந்ததுமே, காலையில் பனி காய்ந்த பிறகு அறுத்துவிடுவேன். சின்னச் சின்னக் கட்டாகக் கட்டி, வெளிச்சம் படாத, காற்றோட்டமான இடத்தில் தலைகீழாகத் தொங்கவிடுவேன். பெரிய கட்டு என்றால் நடுவில் பூஞ்சை பிடிக்கும்.

வாசனை எண்ணெய்ச் சுரப்பிகள் பெரும்பாலும் இதழில் இல்லை, இதழைத் தாங்கி அடியிலுள்ள கிண்ணம் போன்ற புல்லிவட்டத்தில்தான். அதனால்தான் இதழ் உதிர்ந்தாலும் மணம் போவதில்லை. துணிப்பையில் போட்டு அலமாரியில் வைத்து, மணம் மங்கும்போது பையைக் கசக்கினால் மறுபடி வரும். பூச்சி அண்டாது என்பார்கள். அந்துப்பூச்சியை ஓரளவு விரட்டலாம், துணியில் ஏற்கெனவே இருக்கும் புழுவை அது கொல்லாது.

பூனைவீடு:
சமையலுக்கென்று கேட்பவர்களுக்கு: எல்லா லாவெண்டரும் ஒன்றல்ல. ஆங்கில லாவெண்டர் எனப்படும் லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியாதான் நல்லது. லாவண்டின் கலப்பினத்தில் கற்பூர நெடி தூக்கல், பிஸ்கட்டில் போட்டால் சோப்பைக் கடித்த மாதிரி இருந்தது. எதுவானாலும் சிட்டிகை போதும், மருந்து தெளித்து விற்கிற பூ வேண்டவே வேண்டாம். இன்னொன்று, லாவெண்டர் பூனைக்கும் நாய்க்கும் நஞ்சு. எண்ணெய் இன்னும் மோசம். என் குப்பியைப் பூட்டித்தான் வைத்திருக்கிறேன்.

புதுத்தொட்டி:
எங்கள் பக்கம் புழுக்கம் அதிகம். வருமா? கவாத்து எப்போது செய்வது?

சரளைமண்:
அங்குஸ்டிஃபோலியா புழுக்கத்துல திணறும். இலை ஓரம் பல்லுப் பல்லா இருக்கிற டென்டாட்டா வகை கொஞ்சம் தாங்கும், அதை வாங்குங்க. ரெண்டு தொட்டிக்கு நடுவுல நல்லா இடம் விடுங்க, காத்து போகணும். விதை வேண்டாம், முளைக்கவே ரொம்ப நாள் இழுக்கும், தாய்ச்செடி மாதிரியே வரும்னும் சொல்ல முடியாது. பூ முடிஞ்சதும் கவாத்து பண்ணுங்க. பச்சை இலை இருக்கிற தண்டு வரைக்கும்தான் கத்தரி போகணும். அடியில இலையில்லாத பழைய கட்டையில வெட்டினா பெரும்பாலும் அங்கேர்ந்து தளிர்க்காது.