புதுப்பிப்பு: நாண் மாற்றியாச்சு, சத்தம் குறைந்ததா?

ரிகர்வ் வில்லில் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) 14 இழை நாணுக்குப் பதில் 18 இழை போட்டால் சத்தம் அடங்குமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். போட்டுவிட்டேன். 'டங்'கென்ற ஒலி 'தொப்' ஆகிவிட்டது. வியாசர்பாடி மொட்டைமாடியில் சாக்குமூட்டையைக் குறிவைத்துப் பழகும்போது "கேரம் ஆடுறியாப்பா?" என்று கேட்கும் கீழ்வீட்டு அக்கா இப்போது கேட்பதில்லை.

ஆனால் கனமான நாண் வேகத்தைத் தின்கிறது. மைதானத்தில் 30 மீட்டரில் அம்பு குறிக்குக் கீழே விழுந்தது, வில்லில் குறிபார்க்கும் சைட்டை இறக்கினேன். நாணில் மாட்டும் அம்பின் பின்முனைப் பிளவு, அதாவது நாக், வேறு இறுகிப் பிடித்தது. நாணின் நடுவில் சுற்றும் நூலை மெல்லியதாக மாற்றியபின் சரி.

அப்புறம் ஒன்று: புது நாண் இழுபட்டு, பிரேஸ் உயரம் (நாணுக்கும் வில்லின் கைப்பிடிக்கும் உள்ள இடைவெளி) இறங்கியதும் சத்தம் மறுபடி தலைதூக்கியது. நாணை முறுக்கி அந்த உயரத்தை ஏற்றினேன், அடங்கியது. பழைய நாணிலேயே இதைச் செய்து பார்த்திருக்கலாம்!