பிள்ளைகளோடு நெதர்லாந்தில் எந்த ஹாலிடே பார்க்?

பாளையங்கோட்டைக்காரி: மே லீவுக்குக் கொழுந்தன் வீட்டுக்கு நெதர்லாந்து போகிறோம். நடுவில் நாலு நாள், காட்டேஜில் தங்கி விளையாடும் ஹாலிடே பார்க் ஒன்றில் இருக்க ஆசை. மகனுக்கு 13, மகளுக்கு 12. ஊஞ்சலைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். குற்றாலத்தில் அருவியை விட்டு இழுத்து வருவதே பெரும்பாடு, அதனால் தண்ணீர் கட்டாயம். மாமியாருக்குச் சோறு வேண்டும்.

தென்காசி சாரல்: அக்கா, சென்டர் பார்க்ஸ் என்ற ஹாலிடே பார்க் நிறுவனத்தைப் பாருங்கள். 1968-ல் அங்கேயே தொடங்கியது. டி எய்ம்ஹோஃப் கிளையில் கூரைக்கடியில் வெதுவெதுப்பான குளம், சறுக்குக் குழாய்கள். மே குளிரைப் பற்றிக் கவலையில்லை. காட்டேஜில் சமையலறை உண்டு, சொதியே வைக்கலாம். சைக்கிள் வாடகைக்கு எடுத்துக் கொடுங்கள், சாப்பாட்டு நேரம் வரை உங்களைத் தேட மாட்டார்கள். மே முதல் வாரம் அங்கேயும் பள்ளி விடுமுறை, வாடகை எகிறும். அதைத் தாண்டி திங்கள் முதல் வெள்ளி எடுங்கள்.

வள்ளியூரான்: அங்கே எஃப்டெலிங் என்ற தீம் பார்க்கை விட்டுவிட்டீர்களே! பாரன் 1898 ரோலர் கோஸ்டர் 37.5 மீட்டர் செங்குத்தாக விழும். 132 செ.மீ. உயரம் வேண்டும். பார்க்கின் சொந்த விடுதியில் தங்கினால் நுழைவுச்சீட்டு வாடகையிலேயே சேர்த்தி.

பாளையங்கோட்டைக்காரி: மகள் 138, தப்பித்தாள். ஆனாலும் எய்ம்ஹோஃப்தான், மாமியார் ஓட்டு சமையலறைக்கு. அங்கே குக்கர் இருக்குமா?

தென்காசி சாரல்: அதை எதிர்பார்க்காதீர்கள். கொழுந்தன் வீட்டுக் குக்கரைத் தூக்கிக்கொண்டு போங்கள். அப்புறம், நெதர்லாந்து போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம்.